இரவல் நிலம்

டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டும்போது கைக்குப் பழகிய எல்லாம் தலைகீழாகிவிடும். டிரெய்லரின் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். குட்டி டிரெய்லர் என்றால் எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். நீளம் குறையக் குறைய அது சட்டென்று திரும்பிவிடும். ஒரு கணம் அசந்தால் காரும் டிரெய்லரும் மடக்குக் கத்திபோல மடங்கி நிற்கும்.

அந்த மாலை இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று முறை முயன்றும் வண்டி இடத்துக்குள் போகவில்லை. பின்னால் டார்ச் விளக்கோடு நின்ற மனைவி, "என்னங்க, நிறுத்துங்க, மேசை இடிக்கப் போகுது" என்று குரல் கொடுத்தாள். பக்கத்து இடத்தில் நெருப்பருகே உட்கார்ந்திருந்த முதியவர் எழுந்து வந்தார். "கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மெதுவாக" என்றார். அப்படியே செய்தேன். வண்டி நேராக உள்ளே போய் நின்றது. அவர் தலையசைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். என் பெயரைக் கேட்கவில்லை, தன் பெயரைச் சொல்லவும் இல்லை. மறுநாள் நாங்கள் எழுந்தபோது அவருடைய இடம் காலியாக இருந்தது. சாம்பல்கூட நீர் ஊற்றி அணைக்கப்பட்டிருந்தது.

ஏழு ஆண்டுகளாக இப்படி அமெரிக்கச் சாலைகளில் போய்வருகிறோம். எங்கள் டிரெய்லர் கொக்கியிலிருந்து பின்விளக்குவரை 13 அடி. ஃபைபர்கிளாஸில் வார்த்த இரண்டு பாதிகளை இடுப்பில் ஒட்டிவைத்த முட்டை வடிவம். இந்த வடிவம் பிறந்தது கனடாவில். வினிபெக் நகரத்தின் ரே ஒலெக்கோ ஃபைபர்கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி ஒன்றை வடிவமைத்திருந்தார். அதே எடை குறைந்த பொருளில், சின்னக் காரும் இழுத்துப்போகக் கூடிய ஒரு வீட்டைச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1968இல் 'போலர்' டிரெய்லர் வந்தது. அதைப் பார்த்துப் பல நிறுவனங்கள் முட்டை டிரெய்லர்களைச் செய்தன. எங்களுடையதும் அந்த வம்சம்தான். உள்ளே ஒரு மேசை, அதை இறக்கினால் படுக்கை. இரண்டு பர்னர் அடுப்பு. கை கழுவும் அளவுக்கு ஒரு தொட்டி. மழை பெய்தால் கூரையில் விழும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்கும்.

என் பாட்டி சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் போன கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். வைகை மணலில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கி, வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார்களாம். பக்கத்து வண்டிக்காரர்கள் எந்த ஊர் என்று தெரியாது. ஆனால் நெருப்பு அவர்களிடமிருந்துதான் வரும். டிரெய்லரின் கதவைத் திறந்து படியில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது.

முகாமுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு மரக்கம்பமும் அதில் ஓர் எண்ணும்தான். 17 என்றால் அன்றிரவு நமக்கு விலாசம் 17. எந்த மாநிலத்துக்குப் போனாலும் அரசு முகாம்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஒருவழிப் பாதை ஒரு வளையமாகச் சுற்றி வரும். அதிலிருந்து காம்பு போல ஒரு சின்ன நிறுத்துமிடம் பிரியும். அதன் முடிவில் ஒரு மரக்கட்டையோ பாறையோ கிடக்கும். பக்கத்தில் அசைக்க முடியாதபடி ஒரு மேசை, நெருப்புக்கு ஓர் இரும்பு வளையம். வசதிக்காக யாரோ இப்படி வகுத்திருக்கிறார்கள் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பிறகுதான் எமிலியோ மைனெக்கேயைப் பற்றிப் படித்தேன்.

மைனெக்கே மரநோய் வல்லுநர். 1920களில் கார் எளிய குடும்பங்களின் கைக்கும் வந்துவிட, கலிபோர்னியாவின் ரெட்வுட் காடுகளுக்குள் மக்கள் திரண்டார்கள். விரும்பிய இடத்தில் காரை நிறுத்தினார்கள், பெரிய மரமாகப் பார்த்து அதன் அடியிலேயே கூடாரம் அடித்தார்கள். மரத்தின் மேல் இருந்த அன்பினால்தான் அவ்வளவு நெருங்கிப் போனார்கள். சக்கரமும் காலடியும் பட்டுப் பட்டு மண் இறுகியது. இறுகிய மண்ணுக்குள் நீர் இறங்காது, காற்றும் போகாது. ரெட்வுட் வானளாவ நின்றாலும் அதன் வேர்கள் மேல்மண்ணில் அகலமாகப் பரவுபவை. ஆயிரம் ஆண்டு நின்ற மரத்தைக் கோடைக்காலச் சுற்றுலா மெல்லக் கொல்ல முடியும் என்று 1928இல் அவர் அறிக்கை எழுதினார். 1932இல் வனத்துறைக்காக ஒரு முகாம் கொள்கையையும் வகுத்தார். காருக்கு ஒரு தடம், அந்தத் தடத்தைத் தாண்ட முடியாதபடி கட்டையும் பாறையும், எல்லாரும் ஒரே பாதையில் நடக்கும்படி நிலைநிறுத்திய மேசையும் அடுப்பும். மனிதக் கால் படும் மண்ணைக் கொஞ்சமாகச் சுருக்கிவிட்டால் மற்ற மண் மூச்சு விடும் என்பது அவர் கணக்கு. 1933க்கும் 1942க்கும் இடையே, பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்த இளைஞர்களைச் சேர்த்து அரசு நடத்திய இயற்கைவளப் பாதுகாப்புப் படை நாடெங்கும் முகாம்களை இந்த முறையில் கட்டியது.

இதைப் படித்த பிறகு அந்தக் குறுகலான காம்பில் டிரெய்லரைப் பின்னோக்கி நுழைக்கும் சிரமம் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. கொஞ்சம் அகலமாக வெட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பக்கத்தில் நிற்கும் ஓக் மரத்துக்கு அது எளிதாக இருந்திருக்காது. விறகு விஷயமும் இப்படித்தான். விறகை வீட்டிலிருந்து கொண்டு வராதீர்கள், எரிக்கும் இடத்திலேயே வாங்குங்கள் என்று முகாம்தோறும் பலகை இருக்கும். 2002இல் டெட்ராய்ட் அருகே ஆசியாவிலிருந்து வந்த ஒரு மரகதப் பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள். ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து வாழும் அது, முகாமுக்குப் போனவர்களின் விறகுக் கட்டுகளோடு பயணம் செய்து கோடிக்கணக்கான மரங்களைச் சாகடித்துவிட்டது. மூன்று கட்டு விறகை டிக்கியில் போட்டுக்கொண்டு போன எந்தக் குடும்பமும் அதை விரும்பிச் செய்யவில்லை.

சிறிய முகாம்களில் வாயிற்காப்போர் கிடையாது. நுழைவில் தடித்த இரும்புக் குழாய் ஒன்று நட்டிருக்கும், மேலே ஒரு பிளவு. அதற்கு 'இரும்பு ரேஞ்சர்' என்று பெயர். பக்கத்துப் பெட்டியில் உறை இருக்கும். வண்டி எண், தேதி, எத்தனை இரவு என்று எழுதி, பணத்தை உள்ளே வைத்து ஒட்டி, பிளவில் போட வேண்டும். கிழித்தெடுத்த துண்டைக் கம்பத்தில் செருக வேண்டும். போடாமல் போனால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த ஏழு ஆண்டுகளில் துண்டு செருகாத கம்பத்துக்கு எதிரே வண்டி நின்றதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது என்றால் பத்து மணிக்கு முகாம் அடங்கிவிடுகிறது. சொல்ல ஆளில்லாமலே அடங்குகிறது. மனிதர்களைப் பற்றிய என் நம்பிக்கையில் ஒரு பங்கு அந்த இரும்புக் குழாய் கொடுத்தது.

புறப்படும் காலை எனக்கு மிகவும் பிடித்த வேளை. தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, மின்கம்பியைப் பிடுங்கி, சக்கரத்தடையை எடுத்து, கொக்கியை மாட்டிச் சங்கிலியை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டே இடத்தைச் சுற்றி வருவோம். தீக்குச்சி, பாட்டில் மூடி, நூல் துண்டு எதுவும் கிடக்கக் கூடாது. பதினொரு மணிக்குள் 17ஆம் எண் மறுபடி வெற்றிடமாகிவிட வேண்டும். மதியம் வருகிறவர் தாம்தான் முதன்முதலாக இங்கே வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு இறங்குவார். நேற்று நானும் அப்படித்தான் இறங்கினேன்.

அரசு முகாம்கள் பெரும்பாலானவற்றில் தொடர்ந்து 14 நாளுக்குமேல் தங்க முடியாது. இந்த விதியை நான் மதிக்கிறேன். இடம் கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும், மண்ணும் ஆற வேண்டும். ஆனால் இந்த விதி ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுதான் பேசுகிறது. பதினைந்தாம் நாள் போவதற்கு உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதுதான் அது.

மழை கொட்டிய ஓர் இரவு, 81ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, வீட்டு வண்டிகளுக்கான தனியார் ஆர்.வி. பார்க் ஒன்றில் ஒதுங்கினோம். அங்கே காடு இல்லை, மரவேர்க் கணக்கும் இல்லை. ஜல்லி பரப்பிய தரையில் வரிசை வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு. எங்களுடையது போல இரண்டு மூன்று வண்டிகள்தான் அன்று வந்தவை. மற்றவற்றின் சக்கரங்களை மறைத்துப் பலகை அடித்திருந்தார்கள். படியோரம் பூந்தொட்டிகள், குழந்தைகளின் சைக்கிள்கள், பெரிய கேஸ் தொட்டி. ஈரத்துணிகளை உலர்த்த லாண்டிரி அறைக்குப் போனேன். மருத்துவமனை ஊழியர்கள் அணியும் நீல உடையில் ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் பத்து வயதுப் பெண் குழந்தை வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

இங்கே நான்கு ஆண்டுகளாக இருப்பதாக அவர் சொன்னார். மாத வாடகைக்குள் தண்ணீரும் குப்பையும் அடக்கம், மின்சாரத்துக்குத் தனி மீட்டர். ஊருக்குள் வீடு எடுக்க வேண்டுமென்றால் முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, முன்பணம் எல்லாம் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகை ஒருபோதும் ஒன்றாகச் சேரவில்லை. பல பார்க்குகள் பத்து ஆண்டுக்குமேல் பழைய வண்டியை உள்ளே விடுவதில்லை, தன் வண்டியின் வயதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றார். பிறகு, "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். மலைகளைப் பார்க்க என்றேன். "வீடு?" சொன்னேன். "அப்படியென்றால் உங்களுக்கு இது விடுமுறை" என்றார். குரலில் கசப்பு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

காலையில் பார்க்கின் வாசலில் மஞ்சள் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. புத்தகப் பையோடு பதினோரு குழந்தைகள் ஏறினார்கள். எண்ணிக்கொண்டு நின்றேன்.

விடுமுறைக்கும் வாழ்க்கைக்கும் இடையே அந்தப் பெண் சுட்டிய வேற்றுமை இந்த நாட்டின் சாலைகளில் நூறாண்டுப் பழையது. 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரில் 'தகர டப்பா சுற்றுலாக்காரர்கள்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். டப்பா உணவோடும் கூடாரத்தோடும் காரில் சுற்றியவர்கள் அவர்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்திருப்பது அவர்கள் அடையாளம். அந்நாளில் நகரங்கள் ஊர் ஓரத்தில் இலவச முகாம்களைத் திறந்து வைத்திருந்தன. வருகிறவர் கடைத்தெருவில் செலவு செய்வார் என்பது எதிர்பார்ப்பு. சில ஆண்டுகளில் சுற்றுலாக்காரர்களோடு வேலை தேடி அலைந்த குடும்பங்களும் வந்து தங்கத் தொடங்கின. உடனே நகரங்கள் கட்டணம் விதித்தன, நாள் வரம்பு வைத்தன. கட்டணத்தின் வேலை பணம் சேர்ப்பது மட்டுமாக இருக்கவில்லை. சுற்றுகிறவரையும் அலைகிறவரையும் பிரித்துக் காட்டும் சல்லடை அது.

அந்தச் சல்லடை இன்று சட்டமாகியிருக்கிறது. ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறு நகரம், பொது இடத்தில் போர்வை விரித்து உறங்குவதை 'முகாமிடுதல்' என்று வரையறுத்து அபராதம் விதித்தது. தொகை 295 டாலர். வண்டிக்குள் உறங்கினாலும் அது முகாம்தான். வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் தன் வேனுக்குள் உறங்கி வந்த பெண்மணி. 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தங்க வேறு இடம் இல்லாதவருக்கும் இப்படித் தண்டனை விதிப்பது அரசியல் சட்டம் தடுக்கும் கொடுந்தண்டனை ஆகாது என்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது நாங்கள் ஒரு ஏரிக்கரையில் இருந்தோம். என் மடியில் போர்வை கிடந்தது. நான் செய்துகொண்டிருந்த செயலுக்கும் தண்டனை பெற்ற செயலுக்கும் ஒரே பெயர். என்னிடம் கம்பத்தில் செருகிய துண்டுச் சீட்டு இருந்தது.

தீர்ப்பு தவறு என்பது என் எண்ணம். உறங்காமல் இருக்க மனித உடம்பால் முடியாது. முடியாததைச் செய்யாததற்குத் தண்டிப்பது நீதி ஆகாது. நகரங்கள் செய்யக்கூடியது ஒன்றும் பெரிய காரியமும் இல்லை. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 2004 முதல் தேவாலயங்களும் அலுவலகங்களும் தங்கள் கார் நிறுத்துமிடங்களை இரவில் திறந்துவிடுகின்றன. வண்டியில் வாழ்பவர்கள் அங்கே பயமில்லாமல் நிறுத்தி உறங்கிவிட்டுக் காலையில் வேலைக்குப் போகிறார்கள். ஒரு கழிப்பறை, காலியாகக் கிடக்கும் தார்த்தரை, அவ்வளவுதான். மரவேருக்காக நாடெங்கும் முகாம்களை மாற்றி வரையத் தெரிந்த தேசத்துக்கு இது கடினமாகவா இருக்கும்?

சென்ற அக்டோபரில் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போனோம். மலை முதுகின் மேலேயே 105 மைல் ஓடும் ஸ்கைலைன் டிரைவ். இலைகள் நிறம் மாறும் பருவம். 57ஆம் மைலைத் தாண்டியதும் லூயிஸ் மவுண்டன் முகாம் வந்தது. ஓக் மரங்களுக்கு நடுவே சின்ன வளையம். மின்சார இணைப்பு இல்லை, கழிவுநீர் இணைப்பு இல்லை. நுழைவில் ஒரு சின்னக் கடை, குளிக்க இடம்.

இந்தப் பூங்காவைத் திறந்தது 1935இல். அதற்குமுன் இது காடாக மட்டும் இருக்கவில்லை. ஆப்பிள் தோட்டமும் சோளக்கொல்லையும் வைத்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த மலை. 1928இல் மாநிலம் சட்டம் இயற்றி அவர்கள் நிலத்தை எடுத்தது. விரும்பாதவர்களையும் வெளியேற்றியது. நடைபாதைகளில் இன்றும் புகைபோக்கிக் கற்களும் கல்லறைகளும் தென்படுகின்றன. அவர்களுக்கும் முன்னால் இந்த மலையில் வேட்டையாடிய பூர்வகுடிகளின் பெயர்களைப் பலகைகளில் தேடித்தான் படிக்க வேண்டும். நாங்கள் ஓரிரவு தங்கத் தோதாக வெறுமையாய்க் கிடந்த நிலம் வெறுமையாக்கப்பட்ட நிலம்.

அப்படி எடுத்த நிலத்திலும் எல்லாருக்கும் எல்லா இடமும் இல்லை. 1939இல் லூயிஸ் மவுண்டனைத் திறந்தபோது வழியில் இருந்த பலகை இதைக் கறுப்பின மக்களுக்கான பகுதி என்று அறிவித்தது. முகாம், உணவு, குடில் எல்லாம் அவர்களுக்கு இங்கே மட்டும். தேசத்தின் பூங்காவில் அவர்களுக்கு ஒதுக்கியது இந்தச் சின்ன வளையம். பூங்கா முழுவதும் அவர்களுக்குத் திறக்க 1950 ஆயிற்று. அந்நாளில் நெடுஞ்சாலையில் இரவு எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள, நியூயார்க்கில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் தொகுத்து வெளியிட்ட 'கிரீன் புக்' வழிகாட்டியைக் கறுப்பினக் குடும்பங்கள் காரில் வைத்திருந்தன. அந்த முகாமில் நிற்கும்போது ஒரு தமிழனுக்கு இது அந்நிய தேசத்துக் கதையாகத் தோன்றாது. 1904இல் காசிக்குப் போன ஈ.வெ.ரா.வைச் சாப்பாட்டுக்கு உள்ளே விடாத சத்திரத்தையும், சாதி கேட்டுத் திண்ணை காட்டிய நம் ஊர் வீடுகளையும் தெரிந்தவர்கள் நாம். வழிப்போக்கனுக்குச் சோறும் இடமும் கொடுப்பது புண்ணியம் என்று கல்லில் வெட்டிவைத்தவர்களும் நாம்தான்.

அன்றிரவு எதிர் இடத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. பாட்டி, மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பாட்டி சிறுமியாக இருந்தபோது தன் தகப்பனாரோடு இங்கே வந்தாராம். அப்போது மேசைகள் இன்னும் கிட்டக்கிட்ட இருந்தன, பாட்டுச் சத்தம் கேட்கும் என்றார். வேறெங்கும் போக முடியாததால் எல்லாரும் இங்கேயே வந்தார்கள், அதனால் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்றார். நாங்கள் கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிள்ளைகள் வாங்கிச் சாப்பிட்டார்கள். மகள் எங்கள் நெருப்புக்கு இரண்டு கட்டு விறகு கொண்டுவந்து போட்டார். கடையில் வாங்கியது.

காலையில் தரையைப் பார்த்தபடி இடத்தைச் சுற்றி வந்தோம். கம்பத்திலிருந்து சீட்டை எடுத்தோம். நாங்கள் வெளியேறும்போதே பாதையில் ஒரு கூடார வண்டி எங்கள் இடத்துக்காகக் காத்து நின்றது.

லூயிஸ் மவுண்டனில் மொத்தம் 30 இடங்கள். நாங்கள் போனபோது முன்பதிவு கிடையாது. யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு இடம்.